கோளாறு காணப்படவில்லை

பதிவேட்டில் மூன்றாம் முறையாக அதே வரி:
"ரேடியோ ஒன்று. எண்கள் மங்கல். எட்டு ஆறாகத் தெரிகிறது."
ஒலேஃபிலேயின் கையெழுத்து,
தாளை உழுது வைத்தது போல.

அறுகோணச் சாவியை முகப்புத் துளையில் விட்டு
இடப்பக்கம், பொறுமையாகத் திருகினால்
பெட்டி தானாகத் தட்டை விட்டு முன்னே வரும்.
இழுக்கக் கூடாது.
இழுத்தவர்கள் வளைத்த ஊசிகளை
ஒரு ஜாம் புட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

மேசையில் இருபத்தெட்டு வோல்ட் கொடுத்தேன்.
இடது ஜன்னலில் பேச்சு, வலது ஜன்னலில் வழி.
காத்திருந்த எண்ணும் பேசும் எண்ணும்
பொத்தானை அழுத்த அழுத்த இடம் மாறிக்கொண்டன.
எட்டு எட்டாகவே எரிந்தது,
ஏழு கோடும் ஆரஞ்சாய்.
எழுதினேன்: கோளாறு காணப்படவில்லை.

மௌன் ஊரில் அக்டோபர்.
கொட்டகைத் தகரம் வெயிலில் முறிவது போல் சத்தமிடும்.
ஒக்கவாங்கோவின் தீவுகளில் ஆட்களை இறக்கிவிட்டு
செஸ்னாக்கள் காலியாகத் திரும்பும் மதியம்.

என் மேசை ரேடியோ எப்போதும் திறந்தே இருக்கும்.
அன்று அதில் ஒரு கரகரப்பு, எஞ்சின் இரைச்சல்,
இரைச்சலுக்குள் ஒரு குரல்:
ஈ. டி. எஃப். சி. ஸெட். பி.
நிறுத்தம்.
ஈ. டி. எஃப்.

பேசு பொத்தான் சிக்கிக்கொண்டது. நடப்பதுதான்.
ஒருவர் பொத்தானை விடாவிட்டால்
மற்ற எல்லாருக்கும் வாய் கட்டு.
கோபுரத்திலிருந்து ட்ஷிரெலெட்ஸோ கூப்பிட்டிருப்பார்,
யாருக்குப் போய்ச் சேரும்?
வானத்தில் இன்னும் நான்கு விமானங்கள்.
மௌன் மௌனமானது.

எரிபொருள் போடும் கஃபேலா சிரித்தான்:
"பெரியவர் அரிச்சுவடி படிக்கிறார்!"

இருபத்தாறு வருடம் பறந்தவர்
ஈ என்று சொல்லமாட்டார். எக்கோ என்பார்.
டி அவருக்கு டெல்டா, தூக்கத்திலும்.
தனித்தனி எழுத்தாய், வரிசையாய்,
இறங்க இறங்கச் சிறுத்துப் போகும் எழுத்துகள்
எனக்குத் தெரிந்து ஒரே சுவரில்தான் தொங்குகின்றன.
வியாழக்கிழமை அவருக்கு மருத்துவப் பரிசோதனை.

இன்னொன்று.
பேசு பொத்தான் அழுந்தினால் எண்ணுக்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு ஆங்கில டீ எழுத்து எரியும்,
அனுப்பிக்கொண்டிருக்கிறாய் என்று.
பதினோரு நிமிடம்
முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் எரிந்திருக்கிறது அது.

இறங்கியதும் பொத்தானைப் பிரித்தேன்.
ஸ்பிரிங்கின் அடியில் மணல், ஒரே ஒரு மணி.
புதியது மாட்டினேன். ஐந்து தடவை அழுத்தி விட்டேன்.
பிறகு அவரைப் பக்கத்து இருக்கையில் ஏறச் சொல்லி
வலது ஜன்னலில் ஓர் எண் வைத்தேன்.
"படியுங்கள்."

குனிந்தார். இன்னும் குனிந்தார்.
கை மட்டும் தானே போய்
அடையாள ஒலிக் குமிழை வெளியே இழுத்தது.
மோர்ஸ், குச்சியும் புள்ளியுமாக.
"நம் நிலையம்தான்," என்றார்.
சரிதான். ஊசி நடுவில் வந்து நின்றது.
"காதில் எனக்குக் குறையில்லை, ஓனலென்னா."
"இல்லை," என்றேன்.

வெளியே நாலரை மணிப் பயணிகள்,
புதுத் தொப்பிகளோடு ஐந்து பேர்,
அதில் ஒரு குழந்தை
விமானத்தின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
"பேசு பொத்தான் மாற்றப்பட்டது. தரையில் சோதித்தாயிற்று."
மேலே மங்கல், மங்கல், மங்கல்,
ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து.
பேனாவை அவர் பக்கம் நீட்டினேன்.

தாளுக்கு மூக்கு படக் குனிந்து
பெரிய எழுத்தில் எழுதினார்:
"ரேடியோ ஒன்று. குறை ரேடியோவில் இல்லை."
சட்டைப்பையிலிருந்து விமானச் சாவியை எடுத்து
என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து வைத்தார்.

வேறு பைலட் யார் இருக்கிறார்கள் என்று
பார்த்து வரக் கஃபேலாவை அனுப்பினேன்.
அவர் இறங்கவில்லை.
அடையாள ஒலியை நானும் அணைக்கவில்லை.